பஞ்சுமிட்டாய்க்காரர் மாமா ஆன கதை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிறு மாலை அந்தப் பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்தேன். ஒட்டடைக் குச்சி போல உயரம். மீசையில் ரோஸ் கலர் சர்க்கரை ஒட்டியிருந்தது. எதைப் பேசுவதற்கு முன்பும் கைமணியை ஒருமுறை ஆட்டிவிடுவார்.

அன்று அவர் தோளில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி உட்கார்ந்துகொண்டு, "மாமா! மாமா!" என்று அழுதாள். நான்கு வயதிருக்கும். கூட்டத்தில் தாயைத் தவறவிட்டிருந்தாள். மிட்டாய் கேட்டு வந்தவர்களை அவர் விரட்டினார்.

"இப்ப யாவாரம் இல்லப்பா. மாமான்னு கூப்புடுது, உட்டுட்டுப் போவ முடியுமா?"

பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது. "அண்ணே, அவங்க பாஷையில அம்மாவத்தான் அப்படிக் கூப்புடுவாங்க. அது உங்களக் கூப்புடல" என்றேன்.

மணி ஒலித்தது. அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா கூடப் பொறந்தவன்தான மாமா? ரொம்ப தூரம் போவலியே!" என்றார்.

உடனே, "மாமா! மாமா!" என்று அவரே கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். வாக்கிங் வந்த பெரியவர்கள் எல்லாம் நின்று திரும்பிப் பார்த்தார்கள். காந்தி சிலைப் பக்கமிருந்து ஒரு பெண் அலறியபடி ஓடிவந்து மகளை வாரிக்கொண்டாள். அவருக்கு மூச்சுவிடாமல் நன்றி சொன்னாள்.

அவர் மணியை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "புள்ளைக்குக் காது குத்திட்டாங்களான்னு கேளு தம்பி. மடியில உக்கார வெக்க மாமா வேணும்ல?"

என் அரைகுறை பிரெஞ்சில் என்ன கேட்டுத் தொலைத்தேனோ, அந்தப் பெண் சட்டென்று மகளின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

"பாத்தியா, இன்னும் குத்தல" என்றார் அவர், பரம திருப்தியோடு.