தொலைந்த பிள்ளைகளுக்காகத் தட்டினோம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டிவியில் இரண்டு பிள்ளைகள் காட்டில் வழி தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு, "அவங்களத் தேடி யாராச்சும் வருவாங்களாம்மா?" என்றாள்.

அவள் வயதில் நானும் இந்த மாதிரி ஒரு படத்தைச் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக் கிளப் ஹாலில் அப்பாவோடு பார்த்தேன். ஹால் முழுக்கச் சுரங்கத்து ஆட்கள், பீடி வாசனை. திரையில் பிள்ளைகள் அலைய அலைய, பார்த்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுரங்கத்தில் மாட்டிக்கொண்டவன் நடக்கவே கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்து பாறையைத் தட்ட வேண்டும். தேடி வருகிறவர்கள் பதிலுக்குத் தட்டுவார்கள்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். அதற்கு முந்தின மாதம்தான் சுரங்கத்தில் பாறை சரிந்து, ஒரு ஷிப்ட் முழுக்க இருட்டில் கிடந்து மீண்டவர். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எங்கடா போறீங்க? உக்காந்து தட்டுங்கடா. ஆளுங்க வந்துனு கீறாங்க" என்றார் திரையைப் பார்த்து.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் முன் நாற்காலியின் முதுகைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஹாலே தட்டியது. நானும் கை வலிக்கத் தட்டினேன். படத்தில் பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள். எங்களால்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு இதையெல்லாம் எங்கிருந்து சொல்ல? பக்கத்துச் சுவரில் விரலை மடக்கி மூன்று தட்டு தட்டினேன். அந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

மூன்று தட்டு திரும்பி வந்தது.