பச்சை வண்டி நிற்கும் இடத்தில் இடப்பக்கம்

காலை பத்து மணி பத்து நிமிடம். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு காலியிடம். எங்கள் சந்து ஊர்ச் சாலையில் சேரும் முனையில், புல் முளைக்காத நீளமான கட்டம். நடுவில் எண்ணெய்க் கறை. மழைக்காலம் முழுக்க அங்கே நின்றிருந்த பச்சை ரிக் வண்டியைக் காணோம்.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இதில் வியக்க ஒன்றுமில்லை. போர்வெல் போடும் இந்த வண்டிகள், வடக்கே மழை பெய்யும் மாதங்களில் ஊருக்கு வந்து ஓய்வெடுக்கும். ஆயுத பூஜை முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். இங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் டென்மார்க்கிலிருந்து வரும் தோழிக்கு வழி எழுதியபோது நான் எழுதிய வாக்கியம் இது: 'பச்சை நிற ரிக் வண்டி நிற்கும் இடத்தில் இடப்பக்கம் திரும்பவும்.'

அந்தத் தாளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. பத்திரிகையில் செய்திகளைத் திருத்தியே காலம் ஓட்டியவன் நான். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தகவல். எந்த பஸ், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, எங்கள் ஊர்ச் சாலை பிரியும் நிறுத்தத்தில் இறங்க கண்டக்டரிடம் சொல்ல வேண்டிய ஒரே சொல் 'பிரிவு' என்பதுவரை எழுதியிருந்தேன். ஊர்ச் சாலையில் சந்துகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் வண்டி. வீடு நீளத்துக்கு நிற்கும் வண்டியை யார் தவறவிடுவார்கள்?

தோழியும் பத்திரிகைக்காரர்தான். போன வருடம் அவருக்கு லேசான பக்கவாதம் வந்து சரியானது. அதிலிருந்து பிள்ளைகள் அவரைக் கடைக்குக்கூடத் தனியாக விடுவதில்லை. இந்தப் பயணத்திலும் மகள் கூடவே வந்திருந்தாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓட்டலில் தங்கியிருந்தார்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம்: எங்கள் வீட்டுக்கு அவர் தனியாக வந்து சேர்ந்தால், மீதி நாட்கள் அவர் இஷ்டம். யாராவது கூட்டிவர நேர்ந்தால், பிறகு அவர் மகளை விட்டு நகரக்கூடாது. கைப்பேசியையும் மகளிடமே விட்டுவிட்டு வருகிறார். பஸ் நிறுத்தத்துக்கு நான் வரக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பஸ் இந்நேரம் சங்ககிரியைத் தாண்டியிருக்கும்.

கீழே இறங்கி ஓடினேன். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ரிக் வண்டிக்காரர் வீடு. அவர் மனைவி கோலப் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் என் மனைவியும் வெளியே வந்துவிட்டாள்.

"ஏனுங்ண்ணா, சக்கரம் வெச்சதைப் போயா அடையாளம்னு எழுதுவீங்க? நல்லவேளை, எங்கூட்டு எருமைய எழுதாம உட்டீங்க."

"வண்டி எங்கம்மா இருக்கு இப்போ?"

"கோயில் பூசை முடிஞ்சு பிரிவு பங்க்ல டீசல் போட்டுட்டு இருப்பாங்க."

"அரை மணி நேரம் இங்கே கொண்டுவந்து நிறுத்த முடியுமா?"

"கெளம்புன வண்டியத் திருப்பறதுங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க! எங்கூட்டுக்காரரு காதுல உழுந்தா என்னைய ஊட்டை உட்டே கெளப்பிடுவாரு."

அவரே வண்டி மேனேஜரைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம், பூசணிக்காய் உடைக்கும் கூச்சல். அதற்கு மேலே மேனேஜர் குரல்:

"அக்கா, இங்கொரு கூத்துங்க. வெள்ளக்காரம்மா ஒருத்தங்க பஸ்ஸ உட்டு எறங்கி நம்ம வண்டியவே சுத்திச் சுத்தி வாராங்க. வண்டியப் பாக்கறாங்க, கையில இருக்கற காயிதத்தப் பாக்கறாங்க. இடப்பக்கம் திரும்பி டயருக்குக் காத்தடிக்கற எடத்துல போய் நின்னுட்டாங்க."

என் வாக்கியத்துக்கு அவர் அவ்வளவு விசுவாசமாக இருந்தார்.

"போய்க் கூட்டிட்டு வந்துடுங்களேன், பாவம்" என்றாள் மனைவி.

முடியாது. நான் போனால் அவர் தோற்றுவிடுவார். மேனேஜரை நான் அனுப்பினாலும் அதே கதைதான். ஆனால் வழி கேட்பது வேறு. வழிப்போக்கர் யாரும் கேட்பதுதானே. போனை வாங்கி, "அவங்களா கேட்டா சொல்லுங்க. கேக்காம ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

"இதென்னுங்க பரீட்சையா?" என்றார் மேனேஜர். பிறகு சற்று நேரம் இன்ஜின் சத்தம் மட்டும். திடீரென்று, "கேட்டுட்டாங்க! காயிதத்த நீட்டறாங்க! டிவிஎஸ்ல கொண்டாந்து உடறேன்னு சாடை காட்டுனா, 'நோ, நோ, வாக்கிங்'ங்கறாங்க. இருங்க, பேனா எடுத்துட்டு வாரேன்." அத்தோடு அழைப்பு அறுந்தது.

என்ன எழுதிக் கொடுத்தார் என்று தெரியாது. மூவரும் மாடிக்குப் போனோம். வண்டிக்காரர் மனைவிக்கு இதில் எந்த வேலையும் இல்லை. ஆனாலும் முதல் ஆளாக ஏறியவர் அவர்தான்.

சாலையில் ஒரு வைக்கோல் தொப்பி தெரிந்தது. மெதுவான நடை; இடது கால் கொஞ்சம் பின்தங்கியது. முதல் சந்து வந்ததும் நின்றார். ஆளைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். மறுபடி நடந்தார். அடுத்த சந்திலும் அப்படியே. எங்கள் சந்தைத் தாண்டியும் ஓரடி போய்விட்டார். என் மனைவி என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். நான் கத்திவிடுவேன் என்று பயம். அவர் திரும்பினார். குனிந்தார். எதையோ உற்றுப் பார்த்தார். நிமிர்ந்து இடப்பக்கம் திரும்பி எங்கள் சந்துக்குள் நடந்தார்.

"வந்துட்டாங்கோ!" என்று கத்தியது வண்டிக்காரர் மனைவி.

வாசலில் நின்றபோது தோழியின் நெற்றி நிறையக் குங்குமம். கையில் தேங்காய் மூடி ஒன்று. வண்டிப் பூசையில் கொடுத்தது. மறு கையில் என் தாள். என் பெருமைக்குரிய வாக்கியத்தின் மேல் ஒரு கோடு. அதன் கீழே மேனேஜர் பால்பாயின்ட் பேனாவால் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: 'நோ லாரி. லெமன்.' பக்கத்தில் நசுங்கிய வட்டங்களாகச் சில எலுமிச்சம்பழங்களின் படம். வண்டி கிளம்பும்போது சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து ஏற்றி நசுக்கிய பழங்கள் சந்து முனையில் அப்படியே கிடந்தன.

"உன்னைவிட நல்ல எடிட்டர்" என்றார் தோழி. "பாதிச் சொற்கள்தான்."

அரிசியும்பருப்பும் சாதத்தில் நெய் ஊற்றி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு என் மனைவியின் போனில் மகளைக் கூப்பிட்டார். நடந்து வந்தேன் என்றார். யாரும் கூட்டி வரவில்லை என்றார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மகள் கேட்டாள் போலும். பழத்தைப் பார்த்து என்று சொல்லிவிட்டு, மறுமுனை பேசி முடிக்கும்வரை தேங்காயைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சேலத்தில் அவர் தனியாக, சேலை நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார். மகள் ஓட்டலில் இருந்தாள்.