கறுப்பு மோலிக்கு வைத்த தனித்தொட்டி

என் மனைவி ஆசையாக வளர்த்த கறுப்பு மோலி மீன் சினையாக இருந்தது. குட்டி போட்டால் மற்ற மீன்கள் தின்றுவிடும் என்று அதற்குத் தனித்தொட்டி வாங்கினோம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகே மீனை விட வேண்டும் என்று கடைக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார். மறுநாள் எனக்கு ஹார்பரில் காலை ஷிஃப்ட். அவசரத்தில் குழாயிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றினேன். அடுப்படியில் இருந்தவளிடம், “நேத்தே புட்சி வெச்ச தண்ணிதான், மீனை வுடு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் ராயபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மோலி செத்து மிதந்தது. பக்கத்தில் நாலைந்து குஞ்சுகள். அவையும் அசையவில்லை.

“வலையில எடுக்காம கையால புட்சேன். அதான் பயந்து செத்துப்பூட்ச்சி” என்று அவள் அழுதாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “வுடு, மீனுதானே” என்றுதான் வந்தது.

அடுத்த வாரம் மீதி மீன்களை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். தொட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு அவளோடு போனேன். ஏன் கொடுக்கிறாய் என்று அந்த வீட்டு அக்கா கேட்டார். “என் கை ராசியில்லாத கைக்கா” என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தொட்டியை இறக்கி வைத்தேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். இன்றுவரை சொல்லவில்லை.