ஜப்பான் தொட்டியில் நல்லெண்ணெய்

என் வீட்டுக்காரரோடு ஓய்வெடுக்கப் போவதும் கூடுதலாக ஒரு டியூட்டி பார்ப்பதும் எனக்கு ஒன்றுதான். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். நின்று நின்றே கால் இரண்டும் வீங்கிப்போகும். வீட்டுக்கு வந்தால் சாக்ஸ் எங்கே, சட்னி எங்கே என்று அங்கே இன்னொரு வார்டு. கொஞ்ச நேரமாவது யாரும் என்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

அதனால்தான் எங்கள் கல்யாண நாளுக்குத் தங்கை மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரூம் போட்டுக் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் கிளம்பினேன். பின்லாந்துக்காரர்கள் வேர்க்க வேர்க்க உட்காரும் மர அறை, ஜப்பான்காரர்கள் ஊறும் வெந்நீர்த் தொட்டி, பக்கத்திலேயே ஐஸ் மிதக்கும் தொட்டி என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சூட்டில் ஊறி, குளிரில் முங்கி, பிறகு நாற்காலியில் சாய்ந்து சும்மா கிடக்க வேண்டுமாம். சும்மா கிடப்பதும் இதில் சேர்த்திதான் என்று அங்கே வேலை செய்யும் பெண் சொன்னபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நான் உடை மாற்றப் போன நேரம், மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்குச் சனிக்கிழமை. வீட்டிலிருந்தே மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் கொண்டுவந்து, ரூமிலேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, ரிசார்ட் கொடுத்த வெள்ளை அங்கியை மேலே போட்டு மறைத்து வந்திருக்கிறார். எண்ணெய் நன்றாக ஊறட்டும் என்று முதலில் மர அறையில் உட்கார்ந்திருக்கிறார். பலகையெல்லாம் வழவழ. நான் வந்து பார்த்தபோது ஜப்பான் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் அமர்ந்து தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குழம்பு மாதிரி ஆகியிருந்தது.

“இன்னாங்க இது?”

“சனிக்கெழம எண்ண தேய்க்காம வெந்நீர்ல குந்துனா ஒடம்புக்கு ஆவாது. சீயக்கா இன்னும் கீது, நீயும் எறங்கு.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அந்தப் பெண் ஓடிவந்து, தொட்டியையும் அறையையும் கழுவி மறுபடி சூடாக்க நாளைக்கு ஆகிவிடும் என்றாள். நாளைக் காலை எனக்கு டியூட்டி.

மிச்சமிருந்தது ஐஸ் தொட்டி மட்டும். வந்த ஆத்திரத்தில் அதில் இறங்கிவிட்டேன். எலும்பெல்லாம் கடுத்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கரையில் நின்று அவர், “ஜன்னி வந்துடும், ஏறி வா. பசிக்குது, சாப்ட போலாம்” என்றார்.

“நீங்க போய்ச் சாப்டுங்க.”

“நீ இல்லாம எப்டி? எது எங்க கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?”

“பஃபேதான், தட்ட எடுத்து நீங்களே போட்டுக்குங்க.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் அங்கியை எடுத்துப் போர்த்திக்கொண்டு போனார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் துண்டோடு வந்து குனிந்தாள். “ரொம்ப நேரம் இருக்கக் கூடாது மேடம். ஏறிடுறீங்களா?”

“தெரியும்மா,” என்றேன். பல் தந்தியடித்தது. “தாங்குற வரைக்கும் இருக்கேன். அதுவரைக்கும் நீயும் என்னைக் கூப்பிடாத.”