ஆலங்கட்டிக்கு வாய் ஏது?

என் வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் போதும், அதற்குப் பதில் கிடைக்கும்வரை வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வந்த சந்தேகம் ஆலங்கட்டி மழையைப் பற்றியது.

சபையில் அன்று எபிரேய வேதத்திலிருந்து ஒரு பாட்டை வாசித்தார்கள். கடவுளைத் துதிக்க வரும்படி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிற பாட்டு. சூரியன், நிலா என்று மேலே தொடங்கி, கடலுக்குள் இருக்கிற பெரிய பிராணிகள், நெருப்பு, ஆலங்கட்டி, பனி, புயல்காற்று, மலை, பழமரம், ஆடுமாடு, ஊர்கிற பூச்சி வரைக்கும் ஒன்றையும் விடாமல் அழைத்துவிட்டுக் கடைசியில்தான் மனுஷனிடம் வருகிறது. எழுதியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவரையும் அழைக்காமல் விட்டிருக்க மாட்டார்.

என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. முன்வரிசை ஓரத்தில் அவரும் அவரைப் போன்ற இன்னும் சிலரும் உட்காருவார்கள். நான் எதிரே நின்று, வாசிப்பதையும் பேசுவதையும் கைமொழியில் சொல்வேன். எங்கள் கைமொழியில் துதி என்று சொல்ல, விரல்களை உதட்டில் வைத்து மேல்நோக்கி எடுக்க வேண்டும். வாயிலிருந்து நல்ல சொல் மேலே போகிறது என்று அர்த்தம். சூரியனுக்கு உதட்டிலிருந்து மேலே எடுத்தேன், நிலாவுக்கும் எடுத்தேன். ஆலங்கட்டிக்கு வந்தபோது அவர் குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"ஆலங்கட்டிக்கு வாய் ஏது?" என்று கையால் கேட்டார்.

"அப்புறம் சொல்றேன்," என்றேன், நானும் கையால்.

"மரத்துக்கு?"

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

சும்மாதான் இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு போதகர் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவருக்குள் இறங்கவில்லை. நான் மாங்கு மாங்கென்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்; அவர் ஆலங்கட்டியிலேயே நின்றுவிட்டார்.

அவர் மோட்டார் வைண்டிங் மெக்கானிக். தண்ணீர் மோட்டாரோ மின்விசிறியோ, எரிந்துபோன கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி உள்ளே பொருத்தி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். கடை ஒரே அறைதான். வாசல் பக்கம் என் மேஜை, உள்ளே அவருடைய வேலைப் பலகை. ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாரென்றால், பேரிங் தேய்ந்திருக்கிறதா, உள்ளே எதுவும் உரசுகிறதா என்று சொல்லிவிடுவார். ஊர் அவருக்கு வைத்த பெயர் சைலன்சர். அதை நான் முதல்முறை அவருக்குச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டு மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். "காது கேக்காதவரோட எப்படிம்மா காலம் தள்ளுவ?" என்று அப்பா கவலைப்பட்டார். "நான் பேசுற பேச்சுக்கு, காது கேக்காத ஆள்தான்பா தாங்குவாரு," என்றேன். அப்பாவால் அதை மறுக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன் அவர் ஒரே ஒரு வாக்குக் கேட்டார். "என் முன்னால யார் என்ன பேசினாலும் எனக்கு அப்படியே சொல்லணும். திட்டினாலும் சொல்லணும், கேலி பண்ணாலும் சொல்லணும். மனசு கஷ்டப்படும்னு நீயா எதையும் முழுங்கக் கூடாது." இன்றுவரை அந்த வாக்கைக் காப்பாற்றி வருகிறேன். அதனாலேயே சொந்தக்காரர்கள் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பதில்லை. அவருக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. எங்கள் சண்டையில் தோற்கப்போகிறார் என்றால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதற்குமேல் நான் தொண்டை கிழியக் கத்தினால் என்ன, கை வலிக்க ஆட்டினால் என்ன? இப்படி ஒரு மனுஷரிடம் எந்தப் பெண் ஜெயிக்க முடியும்?

ஆலங்கட்டிப் பேச்சு எழுந்த அதே வாரம் போதகர் கடைக்கு வந்தார். அடுத்த மாதம் படைப்புக்காக நன்றி சொல்லும் ஆராதனை வருகிறது, அன்று வேதவாசிப்பை இவரே மேடையேறிக் கைமொழியில் செய்ய வேண்டும், நான் பக்கத்தில் நின்று மைக்கில் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நான் அதைக் கையால் சொல்லி முடித்ததும் என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். சின்னப் பையனாக இருந்தபோது யாரோ ஓர் ஆசிரியை மாதக்கணக்காகப் பழக்கி, அவரை அதே மேடையில் நிறுத்தி, வாயால் ஒரே ஒரு துதிச் சொல்லைச் சொல்லவைத்தார்களாம். தொண்டையிலிருந்து எப்படிப்பட்ட சத்தம் வந்ததோ, கூடம் முழுக்கச் சிரித்திருக்கிறது. சிரித்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. எல்லோருடைய பல்லும் தெரிந்தது. அன்றைக்கு அடைத்த குரலை அவர் என்னிடம்கூடத் திறந்ததில்லை. அந்த மேடைப் பக்கமும் போனதில்லை.

ஏற வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறையவே இருந்தது. எனக்கு அதைவிட அதிகமாக இருந்தது. ஆனால் அவர் போதகரிடம் சொன்னது இதுதான்:

"முதல்ல ஆலங்கட்டிக்குப் பதில் சொல்லுங்க. வாய் இல்லாததும் நிஜமாவே துதிக்கும்னா, நானும் இத்தனை நாள் துதிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். அப்போ மேடை ஏறுறேன். அது சும்மா அழகுக்குச் சொன்னதுன்னா நான் எதுக்கு ஏறணும்? வேடிக்கை காட்டவா?"

போதகர் யோசித்துவிட்டு, "அது கவிதைங்க. கவிஞரோட கற்பனை. அப்படியே எடுத்துக்கக் கூடாது," என்றார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களும் சமயத்தில் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். வாக்குக் கொடுத்த பாவத்துக்கு அதையும் நான் அப்படியே சொல்ல வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டுக் கம்பி சுற்றப் போய்விட்டார்.

அன்றிலிருந்து கடைக்கு வந்தவர் யாரையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் நடுவில் நான்தான் மாட்டிக்கொண்டேன். மீன் வியாபாரி ஒருவர் ஐஸ் பெட்டி மோட்டாரைக் கொண்டு வந்தார். கடலில் திமிங்கலம் கடவுளைத் துதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கச் சொன்னார் இவர்.

"அது வாயைத் திறந்தா திங்கத்தாங்க திறக்கும்," என்றார் வியாபாரி. "ஏன், உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?"

பிறகு மரங்களிடம் போனார். காற்றடிக்கிற சாயங்காலங்களில் பூங்காவுக்குப் போய், மோட்டாரைப் பார்ப்பது மாதிரியே மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். நடக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். எனக்கு மானம் போகும். "மேலே ஆடுது. உள்ளே நடுங்குது," என்று அவர் ஆச்சரியமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் வேதத்தைப் புரட்டிப் பார்த்தேன். எபிரேயத் தீர்க்கதரிசி ஒருவர், காட்டு மரங்கள் கைதட்டும் என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் குதித்து எழுந்துவிட்டார். காது கேட்காதவர்கள் கைதட்டுவதென்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்து ஆட்டுவார்கள். அப்படியே ஆட்டிக் காட்டினார்.

"இலை ஆடுறது இதேதானே? மரம் எங்க பாஷையில தட்டுது."

அப்பாடா, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றார். "கைதட்டுறது சந்தோஷத்துக்கு. துதி வேற. துதின்னா ஒருத்தர்கிட்டப் போய்ச் சேரணும். சத்தம் இல்லாம எப்படிச் சேரும்?"

ஒருநாள் மத்தியானம் நிஜமாகவே ஆலங்கட்டி கொட்டியது. தகரக் கூரையில் காது கிழிகிற சத்தம். காயில்களைக் காயவைக்கிற பெரிய அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் தெருவுக்கு ஓடினார். முதலில் தலைமேல் பிடித்தார், பிறகு அண்ணாந்து நின்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். நான் வாசலில் நின்று, "உள்ள வாங்க, மண்டை உடையப் போகுது," என்று கத்தினேன். யாரிடம் கத்துகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்தார். நெற்றியில் புடைப்போடு, தொப்பலாக நனைந்து, பூரித்துப்போய் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார்.

"என்ன சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. வந்துச்சு. பாதியில நிக்காம முழுசா வந்துச்சு."

அந்தப் பாட்டை மறுபடி படித்துப் பார்த்தேன். ஆலங்கட்டிக்கும் புயல்காற்றுக்கும் பக்கத்திலேயே, அவை கடவுள் சொன்னதைச் செய்கின்றன என்று இருந்தது. காட்டினேன்.

"மோட்டாரும் நான் சொன்னதைச் செய்யுது. அது என்னைத் துதிக்குதா?"

"எனக்கென்ன தெரியும்? நான் உங்க பொண்டாட்டி. நான் யார் சொன்னதையும் செய்றதில்ல."

சிரித்தார். ஆனால் மேடைக்குச் சரி என்று சொல்லவில்லை. ஆராதனைக்கு ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. போதகர் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். ஆசையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது பெரிய கொடுமை. எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

அப்போதுதான் சபைச் செயலாளர் அம்மா ஒரு மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். இளகிய மனசுக்காரர். சண்டை நடக்கிற வீட்டு வழியாகக்கூடப் போக மாட்டார். என் வீட்டுக்காரர் உள்ளே பலகையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். காது கேட்காதவர் முன்னால் குரலைத் தாழ்த்துகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

"அன்னைக்கு வாசிக்க வேற பாட்டு எடுத்திருக்கோம்மா. வானம் கடவுளோட மகிமையைச் சொல்லுது, ஒரு பகல் அடுத்த பகலுக்குச் சொல்லுதுன்னு வருமே, அது. நடுவுல ஒரு வரி இருக்கு பாரு. அவர் ஏற ஒத்துக்கிட்டா அதை மட்டும் விட்டுடலாமா? பாவம், மனசு ஒடிஞ்சு போயிடுவாரு."

எந்த வரி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சிரிப்பு போய்விட்டது. உண்மையில் எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் பட்டது. ஆனால் உள்ளேயிருந்து அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன சொல்றாங்க?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மா, "வேண்டாம், சொல்லாத," என்று என் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டார். விடுவித்துக்கொண்டேன்.

"நீங்க வாசிக்கிற பாட்டுல ஒரு வரியை விட்டுடலாம்னு சொல்றாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமாம்."

"எந்த வரி?"

சொன்னேன். பேச்சு இல்லை. வார்த்தை இல்லை. குரல் காதில் விழுவதில்லை. அதுதான் அந்த வரி.

அவர் கையிலிருந்த கம்பியை விட்டுவிட்டார். சுற்றியதெல்லாம் தளர்ந்து பிரிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"யாருக்குப் பேச்சு இல்ல?"

"வானத்துக்கு."

"வானம் மகிமையைச் சொல்லுதுன்னுதானே பாட்டு?"

"ஆமா."

"பேச்சே இல்லாமலா?"

"பேச்சே இல்லாமத்தான்."

"அப்புறம்? அடுத்த வரி என்ன?"

"ஆனாலும் அது பூமி முழுக்கப் போய்ச் சேருது. உலகத்தோட கடைசி வரைக்கும்."

"திரும்பச் சொல்லு." சொன்னேன். "இன்னொரு தடவை." சொன்னேன்.

"இதை எழுதினவரு எங்களை மாதிரி ஆளா?"

"தெரியல. ரொம்பப் பழைய காலத்து ஆளு. பாட்டு எழுதியிருக்காரே, காது கேட்டிருக்கும்னுதான் நினைக்கிறேன்."

"காது கேக்குற ஆளுக்கு இது எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எப்போதும்போலப் பேச்சை முடித்துக்கொள்கிறாரோ என்று பார்த்தேன். மூடிய இமைக்குக் கீழே தண்ணீர் இறங்கியது. எனக்கும் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"நான் சொன்னேன்ல, கஷ்டப்படுவாருன்னு," என்று அந்த அம்மாவும் அழ ஆரம்பித்தார்.

"அம்மா, இது கஷ்டம் இல்லம்மா," என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாவைப் பார்த்தே கையால் சொன்னார். நான் குரல் கொடுத்தேன்: "வேணும்னா மத்த வரியெல்லாம் விட்டுடுங்க. அந்த வரிக்காகத்தான் நான் ஏறுறேன்."

ஆராதனை அன்று கூடம் நிறைந்திருந்தது. அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மேடையின் நடுவில் நின்றார். நான் ஓரத்தில் மைக்கோடு நின்றேன். தொடங்கினார். மகிமை, துதி என்று வந்த இடத்திலெல்லாம் அவர் விரல் உதட்டுக்குப் போகவில்லை. உள்ளங்கையை நெஞ்சில் அழுத்தி, பிறகு மேலே விரித்தார். காது கேட்காதவர்கள் வரிசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் வரிக்கு வரி மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்த வரிக்கு முன்னால் அவர் நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, கையைத் தாழ்த்திக் காட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு மரமாட்டம் நிற்கவா என்னைக் கூட்டி வந்தார்? இருந்தாலும் மைக்கை இறக்கினேன்.

அப்போதுதான் கூடத்தைப் பார்த்தேன். அதுவரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான். கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். அவர் சொல்வார், அவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். குரல் எங்கேயோ அங்கேதான் கண் போகும். இப்போது குரல் இல்லை. ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் எடுத்துக்கொண்டு அந்த வரியைச் சொன்னார். கூடம் மொத்தமும் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

முதல் வரிசையிலிருந்து செயலாளர் அம்மா மேடையோரம் எட்டி, "இப்ப என்னம்மா சொல்றாரு?" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

"அவரைப் பாருங்க," என்றேன்.