பற்றவைத்த டிஃபரன்ஷியல்

வண்டியை விட்டு இறங்கினால் ஜெயகிருஷ்ணன் நேரே வீட்டுக்குள் வரமாட்டார். பின்பக்கம் போய், வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, வண்டிக்கு அடியில் பார்ப்பார். பார்த்துவிட்டு "ம்" என்பார். அதற்கப்புறம்தான் உள்ளே வந்து தண்ணீர் கேட்பார்.

கல்யாணமான புதிதில் அவரிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. அதற்கும் குனிந்தார். மொபெட்டுக்கு அடியில் பார்ப்பதற்குத் தரையைத் தவிர வேறொன்றும் கிடையாது. பத்தொன்பது வருஷமாக உமாதேவி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குனிந்தவர் ஒரு நாளாவது எதையாவது கண்டுபிடித்தார் என்று அவளுக்கு ஞாபகமில்லை. ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பெருமாயியின் கோழி பிக்கப் வண்டிக்கு அடியில் நாலு முட்டை இட்டிருந்தது. அன்றைக்கும் குனிந்து பார்த்து "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். முட்டையை எடுத்துக் கொடுத்தது உமாதேவிதான்.

அவள் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போனவள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டாள். வாய்க்கு வேலை இல்லாததால் கண்ணுக்கும் காதுக்கும் வேலை அதிகம்.

பிக்கப் வண்டி வந்து ஆறு வருஷம் ஆகிறது. உமாதேவியின் மந்தையில் பாதியை விற்றுத்தான் அது வந்தது. சனிக்கிழமை தோறும் ஊர்க்காரர்களின் ஆடுகளை எட்டயபுரம் சந்தைக்கு ஏற்றிப் போவது ஜெயகிருஷ்ணனின் தொழில். கடம்பூருக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரில், பால் சொசைட்டிக் கட்டடம் வரைக்கும்தான் கல்ரோடு. அதைத் தாண்டினால் கரிசல். கோடையில் அதன் மேல் ரயிலே விடலாம். நாலு தூறல் விழுந்துவிட்டால் பசை. பத்து அடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் அப்பிக்கொள்ளும். பெண்கள் ஆளுக்கொரு குச்சி வைத்திருப்பார்கள். பத்து அடிக்கு ஒருமுறை நின்று, காலைச் சுரண்டிவிட்டு மேலே நடப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆண்கள் மட்டும் மழை பெய்த மறுநாள் வண்டியைக் கரிசலுக்குள் விட்டுவிட்டு, வண்டியைத் திட்டுவார்கள்.

போன வருஷம் ஐப்பசியில் ஜெயகிருஷ்ணனும் அப்படித்தான் விட்டார். ஓரத்திலேயே சிக்கியது. பின்சக்கரம் ஒன்று சேற்றில் விர்ரென்று சுற்றியது, மற்றது அசையாமல் நின்றது. டிராக்டர் வைத்திருக்கிற பூவனலிங்கம் வந்து இழுத்துவிட்டார். இழுத்த கயிற்றைச் சுருட்டுவதற்குள் ஜெயகிருஷ்ணன் போனை எடுத்து வீடியோ தேட ஆரம்பித்தார். ஒரு மாதம் தேடினார். இடுப்பளவு பனிக்குள் யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெரிய வண்டியை ஓட்டுகிற வீடியோ ஒன்று கிடைத்தது. அதைச் சோறு தின்னும்போது பார்த்தார், பல் விளக்கும்போது பார்த்தார். பார்த்து முடித்ததும், பின் ஆக்சிலின் நடுவில் குடம் போல உருண்டு, எஞ்சின் பலத்தைப் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரித்துவிடுகிறதே, அந்த டிஃபரன்ஷியலைத்தான் தான் பத்தொன்பது வருஷமாகக் குனிந்து குனிந்து பார்த்துவந்ததாக ஊருக்குள் சொல்லத் தொடங்கினார். மொபெட்டில் அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

டீக்கடையில் சபை கூடியது. உமாதேவி பால் வாங்கப் போனவள், தூக்குவாளியோடு ஓரமாக நின்றாள்.

"டிப்ரன்சல்ல மூணு வகை மச்சான்," என்றார் ஜெயகிருஷ்ணன். "ஒண்ணு நம்ம வண்டியில இருக்கது. ஒரு சக்கரம் வழுக்கினா எஞ்சின் பவரு பூராவும் வழுக்குத சக்கரத்துக்கே போயிரும். தரையைப் பிடிச்சிட்டு நிக்க சக்கரத்துக்கு ஒண்ணும் வராது."

உமாதேவிக்கு இது சட்டென்று விளங்கியது. பல வீடுகளில் அவள் பார்த்ததுதான்.

"ரெண்டாவது, உள்ள தட்டுத் தட்டா வச்சு, வழுக்குத நேரம் தானா இறுகிக்கிடும். மூணாவது பூட்டு. சுவிட்சைத் தட்டினா ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தும். வெளிய வந்ததும் எடுத்து விட்டுரலாம். நமக்கு எது வேணும்?"

மச்சான் என்று அவர் கூப்பிட்டது ஹரிகிருஷ்ணனை. உமாதேவிக்குப் பெரியப்பா மகன். பட்டாளத்தில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பனி என்ற சொல்லை யாராவது சொன்னால் போதும், கிளாசைக் கீழே வைத்துவிடுவார்.

"மாப்பிள, லடாக்குல ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்குப் பனி. சக்கரத்துக்குச் சங்கிலி, பின்னால பூட்டு. அது இல்லாம ஒரு வண்டி நகராது. பூட்டுதான் வேணும்."

"இங்கன பனி ஏது மிலிட்டரி?" என்றார் பூவனலிங்கம். "மார்கழியில புல்லு நனையும், அம்புட்டுத்தான். டிராக்டருல அந்தப் பூட்டு காலுக்கு அடியிலேயே இருக்கு. மிதிச்சாப் பூட்டும், காலை எடுத்தா விட்டுரும். பூட்டுனபடி திருப்பினா வண்டி திரும்பாது, ஒடிஞ்சு போகும்."

"உமக்கு டிராக்டரு தெரியும். அவிய இமயமலையில ஓட்டினவிய," என்று ஜெயகிருஷ்ணன் அவர் வாயை அடைத்தார்.

உமாதேவி ஹரிகிருஷ்ணனின் பனிக்கதைகளைச் சின்ன வயதிலிருந்து கேட்டவள். அந்தக் கதைகளில் பனி வரும், பள்ளத்தாக்கு வரும், ஒவ்வொரு கதையிலும் கட்டாயம் ஒரு அண்டா வரும். ஸ்டியரிங் மட்டும் ஒரு கதையிலும் வந்ததில்லை. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்த வருஷம் ஆவணியில் புண்ணாக்கு வாங்கக் கோவில்பட்டிக்குப் போனபோது, வண்டி மெக்கானிக் தங்கப்பாண்டியனின் பட்டறையில் போய் நின்றது. உமாதேவி புண்ணாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"தட்டு வச்சதும் பூட்டு வச்சதும் உங்க வண்டிக்கு இங்கன கிடைக்காது அண்ணாச்சி. வெளியூர்ல சொல்லிவச்சு வரவழைக்கணும். மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசத்துல மழையே முடிஞ்சிரும்லா?"

"அப்போ உள்ளபடி விடுங்க."

"வெல்டு வச்சுப் பத்தவச்சிரலாம்னு சொல்லுதாவளே?"

தங்கப்பாண்டியன் கையைத் துணியில் துடைத்தார். "வைக்கலாம். உள்ள இருக்க சின்னப் பல்சக்கரங்களை ஒண்ணோட ஒண்ணு சேத்துப் பத்தவச்சா ரெண்டு சக்கரமும் எப்பவும் ஒண்ணாத்தான் சுத்தும். சேத்துலயும் ஒண்ணா, தார் ரோட்டுலயும் ஒண்ணா. வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலா ஓடியாகணும். விடாது. டயரு தேயும், ஒருநாள் ஆக்சில் வெட்டிக்கிடும், ரெண்டாப் போயிரும். இப்பவே சொல்லிட்டேன்."

"நான் பையத் திருப்புவேன்."

"அவியளே வேண்டாம்னுதான சொல்லுதாவ," என்றாள் உமாதேவி. அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஜெயகிருஷ்ணனுக்குக் கேட்டுவிட்டது.

"ஏட்டி, நீ புண்ணாக்கு மூட்டையைப் பாரு. டிப்ரன்சலை நான் பாத்துக்கிடுதேன்."

பற்றவைத்தாயிற்று. அன்றிலிருந்து அவர் வருவது ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கத்தியது. பிரசவ வேதனையில் கிடக்கிற ஆடு போல இருந்தது அந்தச் சத்தம். "பலம் பேசுது," என்றார் ஜெயகிருஷ்ணன். இறங்கினார், குனிந்தார், "ம்" என்றார்.

புரட்டாசிக் கடைசியில், விதைப்புக்கு முன்னால் எருவுக்காக ஒரு புஞ்சையில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார்கள். உமாதேவியின் ஆடுகளும் பெருமாயியின் ஆடுகளும் சேர்ந்த கிடை. கல்ரோட்டு முனையிலிருந்து அரை மைல் இருக்கும். யாரும் எதிர்பாராத மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையிலும் மழை விடாதபோது கிடையிலிருந்து பெருமாயி போன் பண்ணினாள்.

"ஏட்டி உமா, உன் குட்டி பதினொண்ணும் நடுங்குது. பால் குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டேங்குது. பெரிய ஆடு நடந்து வந்துரும், குட்டிக எங்க நடக்கும்? சீக்கிரம் வாங்க."

எல்லாம் ஈன்று ஒரு வாரம்கூட ஆகாத குட்டிகள். விற்ற பாதி மந்தைக்கு ஈடாக ஆறு வருஷமாக அவள் பெருக்கிக்கொண்டு வந்த மந்தையின் இந்த வருஷத்து ஈற்று. உமாதேவி தார்ப்பாயும் நாலு சாக்கும் இரண்டு கூடையும் எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறினாள். முன்சீட்டில் ஹரிகிருஷ்ணன் ஏறினார். சேற்றில் பனி அனுபவம் உதவும் என்று அவரைக் கூட்டிப்போனார்கள்.

பால் சொசைட்டி வந்ததும் உமாதேவி எட்டிச் சொன்னாள்: "இங்கனயே நிறுத்துங்க. கூடையில வச்சுத் தூக்கிட்டு வந்துருவோம். ரெண்டு நடைதான்."

"பெறகு எதுக்குட்டி பத்தவச்சேன்?"

வண்டி கரிசலில் இறங்கியது. உள்ளதைச் சொல்ல வேண்டும், போன வருஷம் சிக்கிய இடத்தைத் தாண்டிப் போயிற்று. இரண்டு சக்கரமும் சேர்ந்து உறுமிக்கொண்டு, மண்ணை வாரி உமாதேவியின் முகத்தில் அடித்துக்கொண்டு, கிடை வரைக்கும் நேராகப் போயிற்று. ஜெயகிருஷ்ணன் கொட்டும் மழையில் இறங்கி, குனிந்து பார்த்து, "ம்" என்றார். பதினொரு குட்டிகளையும் பெண்கள் இருவரும் பின்னால் ஏற்றித் தார்ப்பாயால் மூடினார்கள்.

இனி வண்டியைத் திருப்ப வேண்டும். ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பின்சக்கரம் இரண்டும் ஒரே பிடிவாதமாக நேரே தள்ளின. வண்டி நேரே போய், புஞ்சையின் கோடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளத்துக்குள் இறங்கியது. அங்கே இரண்டு சக்கரமும் ஒற்றுமையாகச் சுற்றி, ஒற்றுமையாகக் குழி தோண்டின. டயரின் வரிப்பள்ளம் ஒன்றுகூடத் தெரியவில்லை, களிமண் உருண்டை மாதிரி இருந்தது. காலைச் சுரண்டாமல் நடந்தால் எப்படி வழுக்கும் என்று உமாதேவிக்குத் தெரியும். பற்றவைத்த குடம் சேற்றில் உட்கார்ந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆண்கள் வேலை செய்தார்கள். முதலில் சாக்குகள் சக்கரத்துக்கு அடியில் போயின. சக்கரம் அவற்றை விழுங்கியது. அப்புறம் குட்டிகளை மூடியிருந்த தார்ப்பாயை ஜெயகிருஷ்ணன் உருவினார்.

"குட்டி நனையுதுங்க. இறக்கிருதேன்," என்றாள் உமாதேவி.

"இறக்காத! பின்னால பாரம் இருந்தாத்தான் சக்கரத்துக்குப் பிடி கிடைக்கும். நீயும் ஏறி உக்காரு."

பாரமாம். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தாலும் ஒரு மூட்டை நெல்லுக்குக் காணாத பதினொரு குட்டிகள். அவள் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையால் எட்டுகிற வரைக்கும் மூடினாள். இத்தனை வருஷப் பழக்கம்.

"மச்சான், லடாக்குல இப்பிடி மாட்டினா டிரைவரு என்ன செய்வாவ?" என்று கேட்டார் ஜெயகிருஷ்ணன்.

"அது... டிரைவரைத்தான் கேக்கணும் மாப்பிள."

"நீங்க ஓட்டலையா?"

"நான் சமையல் பிரிவுல்லா. பின்னால அண்டாவைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பேன். குழம்பு சிந்திரக் கூடாதுல்ல."

பெருமாயி மழையில் நின்றபடி சிரித்தாள். "நல்ல ஆளைப் பிடிச்சீரு மாமா! இமயமலைக் குழம்பை ஊத்திப் பாரும், வண்டி கெளம்புதான்னு."

உமாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் கிடந்த குட்டியின் கழுத்து தொங்கிவிட்டிருந்தது. தடவிப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்ததும் அப்படித்தான்.

எழுந்தாள். பின்கதவின் கொக்கியைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, பாரம்..."

"ரெண்டு பாரம் செத்துப் போச்சு," என்றாள். "அது ரெண்டையும் நீங்களே வச்சுக்கிடுங்க."

செத்த இரண்டையும் வண்டியிலேயே விட்டுவிட்டு, மீதி ஒன்பதை இரண்டு கூடைகளில் வைத்து அவளும் பெருமாயியும் தலையில் தூக்கினார்கள். தாய் ஆடுகள் கத்திக்கொண்டே பின்னால் வந்தன. பத்து அடிக்கு ஒருமுறை நின்று, ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, குச்சியால் காலைச் சுரண்டினார்கள். பால் சொசைட்டிக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. குட்டிகளைத் துடைத்து, தாய்களின் மடியில் விட்டதும் ஒவ்வொன்றாகக் குடிக்கத் தொடங்கின. அவள் திரும்பிப் பார்த்தபோது ஆண்கள் இருவரும் தூரத்தில் வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் குனிந்திருந்தார்.

சாயங்காலம் பூவனலிங்கத்தின் டிராக்டர் வண்டியை இழுத்து வெளியே போட்டது. அதற்கு மூன்றாம் நாள் கோவில்பட்டிக்குப் போகிற வழியில், தார் ரோட்டு வளைவில், தங்கப்பாண்டியன் சொன்னபடியே ஆக்சில் வெட்டிக்கொண்டது. டிராக்டர்காரன் இழுத்த இழுப்பில் வந்த கோளாறு என்று ஜெயகிருஷ்ணன் டீக்கடையில் சொன்னார். ஹரிகிருஷ்ணன் ஆமாம் என்று தலையாட்டினார்.

இப்போது வண்டி தங்கப்பாண்டியன் பட்டறையில் செங்கல் மேல் நிற்கிறது. ஜெயகிருஷ்ணன் வாரம் ஒருமுறை பஸ்ஸில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருகிறார். வண்டி வாங்கியபோது இருந்தது மாதிரியே, ஒன்றும் சேர்க்காத சாதா டிஃபரன்ஷியலைப் போடச் சொல்லி உமாதேவி தானே போனில் தங்கப்பாண்டியனிடம் சொல்லிவிட்டாள். கரிசல் ஈரமாக இருக்கும்போது வண்டி பால் சொசைட்டியைத் தாண்டாது என்றும் வீட்டில் சொல்லியாயிற்று. ஒன்பது குட்டிகளும் உயிரோடு இருக்கின்றன.