இழுத்துப் பார்க்காத இழை

கொளஞ்சிநாதனுக்குக் கண் போய்விட்டதாம் என்ற பேச்சு பண்ருட்டி பஸ்ஸில் கிளம்பி, ரேஷன் கடை வரிசையில் நின்ற ருக்குமணியின் காதுக்கு வந்து சேர்ந்தது. சொன்னவளும் நேரில் கண்டவளில்லை.

"யாரோ பேசிகினு இருந்தாங்கக்கா. அண்ணன் இப்பல்லாம் தடவிப் பாத்துதான் கண்ணாடி ஊதுறாராமே?"

ருக்குமணி சர்க்கரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பொய் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. புருஷனின் இடது கண்ணில் பால் படர்ந்திருப்பதும், வலது கண்ணும் மங்கத் தொடங்கியிருப்பதும் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

கொளஞ்சிநாதன் நெய்வேலிக்குப் பக்கத்து வடக்குத்துக்காரர். இளவயதில் சென்னையில் கடைப் பலகைகளுக்கு எழுத்தெழுத்தாக விளக்குக் குழாய் வளைத்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் நெய்வேலிக்குத் திரும்பி, நிலக்கரி சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பெர்மனென்ட் ஆனார். உடைந்த குடுவைகளையும் குழாய்களையும் சுடரில் காட்டி ஒட்டித் தருவது வேலை. சாயங்காலம் குவார்ட்டர்ஸில் கால் துருத்தி மிதித்து, சின்னச் சுடரில் கண்ணாடி உருவங்கள் செய்வதுதான் உயிர். கொக்கு, மான், முந்திரிக் கொத்து. டவுன்ஷிப்பில் யார் ஓய்வு பெற்றாலும் மாலை, சால்வையோடு அவர் கைப்பொருள் ஒன்றும் மேடைக்கு வரும். எல்லோரும் கேட்பது பலாப்பழம். முள் முள்ளாக உருக்கி இழுத்து வைக்க வேண்டும். ஒன்று தடித்தாலும் பழம் முள்ளம்பன்றியாகிவிடும்.

கண் கெட்டது உறுதியானால் மேசையிலிருந்து எழுப்பி ஃபைல் தூக்கப் போட்டுவிடுவார்கள். சம்பளம் குறையாது. சுடர் போய்விடும்.

எண்பத்தாறு மார்கழியில் ஒரு மதியம், சங்கரலிங்கம் பக்கக் குழாய் ஒடிந்த ஒரு குடுவையோடு வந்தான். திருநெல்வேலிக்காரன், பத்து வருஷமாக இவர் சாப்பாட்டு டப்பாவில் பங்கு கேட்கிறவன். பெட்ரோலைப் போலத் தீப்பிடிக்கும் திரவத்தில் நிலக்கரித் தூளைக் கொதிக்கவைத்து, ஈரம் எவ்வளவு என்று அளக்கிற குடுவை அது.

"ஓய் கொளஞ்சி, ஏழு மணிக்கு இதை அடுப்புல ஏத்தணும்வே. செகண்ட் ஷிப்ட் நாந்தான்."

கூடவே இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஒருவன் சிங்காரவேல். விரல்களை நீட்டினான். "அண்ணே, இது எத்தினின்னு சொல்லுங்க?"

"வெரலு தெரியலப்பா. நகத்துல இருக்கிற அழுக்குதான் தெரியுது."

சிரிப்பு அடங்கியதும் அவர் ரேக்கிலிருந்து ஒரு குழாயை எடுத்தார். எந்த ஒட்டுக்கும் முன்னால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கண்ணாடியின் நுனியையும் சேர்த்து உருக்கி, மயிரிழையாக இழுத்துப் பார்ப்பார். இழை நேராக நின்றால் இரண்டும் ஒரே இனம். வளைந்தால் வேறு இனம். ஒட்டினாலும் ஒரு நாள் விட்டுவிடும். தெரிந்த கண்ணாடியைக்கூட அவர் இழுத்துப் பார்க்காமல் ஒட்டியதில்லை.

இன்று கை இழுக்கப் போய் நின்றது. மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். இழுத்துப் பார்த்தால், பார்வைக்குப் பிடிபடவில்லை என்றல்லவா ஆகும்? குடுவை, அடுப்புச் சூட்டைத் தாங்கும் கெட்டிக் கண்ணாடி; அதன் வாய் வெள்ளையாக இருக்கும், சாதாக் கண்ணாடியில் பச்சை தட்டும். குழாயின் வாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளையாகத்தான் தெரிந்தது. "கெட்டிக் கண்ணாடிதான்" என்று சொல்லிச் சுடரில் வைத்தார்.

ஒட்டு அழகாக உட்கார்ந்தது. சூட்டுச் சாம்பலில் புதைத்து நிதானமாக ஆறவிட்டார். சங்கரலிங்கம் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டான்.

"கண்ணு போச்சுன்னவன் வாயில இந்தச் சாம்பலை அள்ளிப் போடணும்வே!"

சாயங்காலம் வீட்டில் துருத்தியை மிதித்தார். மிச்சக் குழாய் சட்டைப்பையில் இருந்தது. சும்மா சுடரில் நீட்டினார். வெல்லம் போல இளகித் தொங்கியது.

கால் நின்றுவிட்டது. கெட்டிக் கண்ணாடி ஆய்வகத்துப் பெரிய சுடருக்குத்தான் மசியும், இந்தத் துருத்திச் சுடருக்கு மசியாது. இது ஊசி மருந்துக் குப்பி செய்கிற கண்ணாடி. பலா முள்ளுக்காக அவரே வாங்கி, ஆபீஸ் ரேக்கில் போட்டுவைத்தது.

"ருக்கு, மணி என்ன?"

"ஏழாவப் போவுது. ஏன், மொகமெல்லாம் வேர்த்துகினு கீது?"

"ஒட்டு தப்பு. சூடு ஏறினா வுட்டுடும். கீழ அடுப்பு எரிஞ்சிகினு இருக்கும். சங்கரலிங்கம் பக்கத்துல நிப்பான்."

"சைக்கிள எடுங்க."

"போய்ச் சேர்றதுக்குள்ள கொதிச்சிடும்."

அந்தத் தெருவில் போன் உள்ளது எதிர்வீட்டில்தான், அவருடைய மேலதிகாரி வீட்டில். அதிகாரியின் மனைவி சந்திரகலா கதவைத் திறந்தாள்.

"அவர் கிளப்புக்குப் போயிருக்காரே. என்ன விஷயம்?"

"லேபுக்கு ஒரு போன் போடணும்மா. உசுரு விஷயம்."

அவள் டயலைச் சுற்றி ரிசீவரை நீட்டினாள். ஷோகேஸில் அவர் செய்த பலாப்பழம் இருந்தது. இங்கிருந்து பார்க்க முள் எதுவும் தெரியவில்லை, ஒரு வெளிச்சக் கட்டியாகத்தான் தெரிந்தது. ருக்குமணி பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

"என்னன்னு சொல்லப் போறீங்க?" என்றாள் தணிந்த குரலில்.

சந்திரகலா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"எனுக்குக் கண்ணு தெரியல, அடுப்ப அணைன்னு."

மறுமுனையில் மணி அடித்தது. டீ குடிக்கப் போயிருப்பான். இல்லை, குடுவையைப் பிடித்துக்கொண்டு, வர முடியாமல் நிற்பான். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எடுப்பா சங்கரலிங்கம். எடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.